பால்வாடியில் நாம் என்ன படித்தோம்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

பால்வாடி என்றதும் எல்லோரும் சோற்றைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள கிராமத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். என் தலைமுறைக்குப் பள்ளி என்பது அங்கேதான் ஆரம்பம். ஆனால் என் வயதுக்காரர்களே, "அது சோறு போட்டு நம்மைப் பிடித்து வைத்திருந்த இடம், படிப்பெல்லாம் ஒன்றாம் வகுப்பில்தான்" என்று சொல்லும்போது மனசு ஒப்பவில்லை.

எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால், நெல், வாழை. நான் பால்வாடிக்குப் போனது 1983, 84 வாக்கில். பஞ்சாயத்து போர்டு கட்டடத்தை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறை, பின்னால் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. பத்து மணிக்கெல்லாம் விறகுப் புகை உள்ளே வந்துவிடும். கண்ணைக் கசக்கிக்கொண்டே பாடுவோம்.

டீச்சரிடம் ஒரு தகர டப்பா இருந்தது. உள்ளே புளியங்கொட்டை, சோழி, சோடா மூடி, உடைந்த வளையல் துண்டு. தரையில் கொட்டிவிட்டு, ஒரே மாதிரி இருப்பதை ஒன்றாக வை என்பார். அப்புறம் பெரியதிலிருந்து சிறியது வரை அடுக்கச் சொல்வார். அப்புறம் உன்னிடம் இருப்பதில் பாதியைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடு என்பார். சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்கிற வேலை ஆளுக்கு ஒரு நாள் வரும். தட்டு மிஞ்சினால் யார் வரவில்லை என்று வைத்தவனே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எண்ணிக்கை எனக்கு அங்கேதான் வந்தது. இது படிப்பு இல்லையென்றால் வேறு எது?

ஆயாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். மூக்கைத் துடைப்பது, கால் கழுவி விடுவது, மதியம் கோரைப்பாயில் வரிசையாகப் படுக்கப் போட்டு, தூங்காத பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் அவர்தான். ஊரில் அவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. உங்கள் ஊர் ஆயாக்களையும் டீச்சர்களையும் பற்றி எழுதுங்கள். பெயர் வேண்டாம், செய்த வேலை போதும்.

கரிசல்மண்

உங்களுக்கு நல்ல டீச்சர் வாய்த்திருக்கிறார் அண்ணே. எங்களுக்கு அப்படி இல்லை.

நான் சாத்தூர் பக்கம். இருட்டோடு தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வரும். பத்து வயசுப் பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறிப் போவார்கள். அதைவிடச் சின்னதுகள் வீட்டிலேயே பெட்டி ஒட்டும். பசை காயாத விரலோடுதான் பால்வாடிக்கு வருவோம். டீச்சருக்கு ரிஜிஸ்டர் எழுதவே நேரம் சரியாக இருந்தது. நாங்கள் சுவரோரமாகச் சம்மணம் போட்டு, எப்போது அடுப்பிலிருந்து குண்டான் இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். பாட்டு உண்டு, அதுவும் யாராவது ஆபீசர் வரும் வாரத்தில்.

அந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரம் நாங்கள் பெட்டி ஒட்டவில்லை. ஒரு வேளை சூடான சோறு கிடைத்தது. வானம் பார்த்த பூமியில் அது பெரிய காரியம். ஆனால் அதைப் படிப்பு என்று சொன்னால், கிடைக்காமல் போனதைக் கிடைத்ததாக எழுதுகிற மாதிரி ஆகிவிடும். ஒன்றாம் வகுப்பில் சேரும்போது எனக்கு 'அ' தெரியாது. டவுனிலிருந்து வந்த பையன் நூறு வரை சொன்னான்.

கொள்ளிடக்கரை

இரண்டு பேரும் பால்வாடிக்குப் போன பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தவளைப் பற்றியும் பேச வேண்டும்.

எங்கள் அம்மா நடவு ஆள். கல்லணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால் விடிவதற்கு முன்னாலேயே வயலில் இருப்பார். என்னைப் பார்த்துக்கொண்டது அக்கா. எனக்கு முன்னால் பிறந்த அண்ணனையும் அவள்தான் வளர்த்தாள். அதனால் ஏழு வயசு தாண்டியும் அவள் பள்ளிக்கூடம் பக்கம் போகவில்லை. ஊரில் பாதிப் பெண்பிள்ளைகள் அப்படித்தான், இடுப்பில் ஒரு குழந்தையோடு.

எங்கள் தெருவுக்குப் பால்வாடி வந்த வருஷம்தான் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். காலையில் என்னை ஆயாவிடம் இறக்கிவிட்டு அதே ஓட்டத்தில் பள்ளிக்கூடம் போய்விடுவாள். மதியம் மணி அடித்ததும் முதலில் என்னை வந்து பார்ப்பாள், பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். இன்று அவள் கிராம சுகாதார செவிலியர். அந்த ஒற்றை அறை திறக்காமல் இருந்திருந்தால் அவளும் நடவுக்குத்தான் போயிருப்பாள். நான் பால்வாடியில் எழுத்துக் கற்றேனா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு.

இன்னொன்று. என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்துப்போனபோது பெரிய வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. மறுபடியும் ஒரு வருஷம் பால்வாடி. பெரிய பிள்ளை என்பதால் சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிற பொறுப்பு வந்தது. அந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடித்த வருஷம்.

ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்

கொள்ளிடக்கரை தங்கச்சி எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மதுரை மாவட்டத்தில் இந்த வேலையில் இருந்தவள். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதா மாதம் எடை போடுவோம். ஸ்பிரிங் தராசை உத்தரத்தில் கட்டி, கால்சட்டை மாதிரி தைத்த துணியில் பிள்ளையை மாட்டித் தொங்கவிட வேண்டும். அது கத்துகிற கத்தில் தெருவே கூடிவிடும். எடையை அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்து அம்மாவிடம் காட்டுவோம். கோடு கீழே இறங்கினால் படிக்கத் தெரியாத தாய்க்கும் முகம் மாறும். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்து உருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவோம். அந்த நிறுத்துகிற நாள் எனக்குச் சந்தோஷம், பிள்ளைக்கு வருத்தம்.

பிறகு மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் என் பொறுப்புக்கு வந்தார்கள். கரிசல்மண் தம்பி, ரிஜிஸ்டர் எழுதினார்கள் என்று சொன்னீர்கள், உண்மைதான். அரிசி சின்னப் பிள்ளைக்கு 80 கிராம், பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம். வருகைக்கும் இருப்புக்கும் ஒரு கிலோ இடித்தாலும் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். அதோடு தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆரஞ்சு நிறத்தில் வைட்டமின் ஏ திரவம் ஊற்றுவது, கர்ப்பிணிப் பெண்கள் கணக்கு, பிறப்பு இறப்புக் கணக்கு. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியபோதே ஆறு சேவைகள் என்று வகுத்துவிட்டார்கள். அதில் ஒன்றுதான் முன்பருவக் கல்வி. ஆறுக்கும் சேர்த்து ஒரு டீச்சர், ஒரு ஆயா. தொகையும் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 1982-ல் இந்த வேலைக்கு விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். என்னோடு இருந்த ஆயா அப்படி வந்தவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் வயிற்றுவலி வரும் என்று முன்கூட்டியே சொல்வார்.

'அ' தெரியவில்லை என்ற வருத்தத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொன்னதே எழுத வைக்காதே என்பதுதான். மூன்று வயதில் விரல் பலப்பத்தைப் பிடிக்கிற பக்குவத்தில் இருக்காது. களிமண் உருட்டுவது, மணலில் கோடு இழுப்பது, நூலில் மணி கோர்ப்பது, வெண்டைக்காயை வெட்டி மையில் தொட்டு அச்சு வைப்பது எல்லாம் எழுதுவதற்கான வேலைதான். கதை கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு பிறகு தானாக வரும். குஜராத்தில் கிஜுபாய் பதேகா 1920-ல் பாவ்நகரில் இதற்காகவே பாலமந்திர் என்ற சின்னப் பிள்ளைகள் பள்ளி வைத்தார். அவரோடு வேலை செய்த தாராபாய் மோதக் 1945-ல் போர்டி என்ற கிராமத்துக்குப் போய்ப் பள்ளி வைத்தார். அங்கே பழங்குடிப் பிள்ளைகள் மையத்துக்கு வரவில்லை என்றதும் வகுப்பையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். விலைகொடுத்து வாங்குகிற சாமான் இல்லாமல் கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சலை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். வைகைக்கரை தம்பி எழுதிய புளியங்கொட்டை டப்பா அந்த வழியில் வந்ததுதான். இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரும் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் நம்ம கொடைக்கானலில் இருந்தவர். இந்தப் படிப்பு நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

எழுத்துச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வந்த அப்பாக்கள் நிறைய. அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. தனக்குக் கிடைக்காத எழுத்து பிள்ளைக்குச் சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்ற அவசரம் அது.

வடமராட்சி

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு முதல் வகுப்பு அரிவரி. என் அம்மம்மா காலத்தில் அதுதான் தொடக்கம். அதற்கு முன் விஜயதசமியில் ஏடு தொடக்குவார்கள். கோயிலில் ஐயரின் மடியில் இருத்தி, விரலைப் பிடித்துப் பச்சையரிசியில் எழுத வைப்பார்கள். எங்கள் காலத்தில் ஊர்ச் சனசமூக நிலையத்தோடு ஒட்டிப் பாலர் பாடசாலை இருந்தது. காலையில் பெரியவர்கள் பேப்பர் வாசிக்கிற அதே மண்டபத்தின் பின்பக்கம் நாங்கள். ரீச்சரின் வேதனத்தை ஊர்ச்சங்கம் வீடு வீடாகச் சேர்த்துக் கொடுக்கும். காசு இல்லாத வீடு தேங்காய் கொடுக்கும்.

இந்தியத் தம்பிமாருக்குச் சோற்று ஞாபகம் மாதிரி எங்களுக்கு முன்னால் படித்தவர்களுக்குப் பணிஸ் (பன் ரொட்டி) ஞாபகம். எழுபதுகளில் பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷ என்ற சத்து மா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு அம்மா உருண்டை பிடித்துத் தருவா, அதைப் பெட்டியில் கொண்டுபோவோம்.

1987 மே மாதம் ஒப்பரேசன் லிபரேசன் என்ற இலங்கை இராணுவ நடவடிக்கை எங்கள் பகுதிக்கு வந்தது. அதற்கு முன்பே பாலர் பாடசாலை வளவுக்குள் பங்கர் வெட்டியிருந்தார்கள். ஹெலிச் சத்தம் கேட்டால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வரிசையாக இறங்க வேண்டும், தள்ளக் கூடாது, கடைசியாக ரீச்சர். அதையும் அவ ஒரு விளையாட்டாகத்தான் பழக்கினா. சத்தம் இல்லாத நாட்களிலும் "இப்ப முயல் வளைக்குள்ள போகுது" என்று சொல்லி இறக்குவா. நாலு வயதில் நான் பயப்படாமல் இறங்கினேன் என்றால் அது அவ படிப்பித்தது. எழுத்தைப் பிறகு பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டது.

தேயிலைமலை

வடமராட்சி அக்கா இலங்கையைப் பற்றி எழுதியதால் மலையகத்தையும் சேர்த்துவிடுகிறேன். தோட்டத்தில் எங்களுக்குப் பிள்ளை மடுவம், அதாவது பிள்ளைக் காப்பகம். லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, கொஞ்சம் தள்ளி இருக்கும். பிரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) போகும்போது அம்மா இருட்டில் கொண்டுவந்து விட்டுப்போவார். கைக்குழந்தைகளுக்குத் துணித்தொட்டில், வளர்ந்தவர்களுக்குப் பாய். பால் கொடுக்க நடுவில் அம்மாமார் கொழுந்துக் கூடையோடு ஓடிவருவார்கள். பாட்டு, கதை என்று ஒழுங்கான பாடம் எங்கள் காலத்தில் இல்லை. கரிசல்மண் சொன்னதுதான் எங்களுக்கும். ஆனால் தொட்டிலில் கிடந்த பிள்ளையை ஆட்டுகிற வேலையை ஆயம்மா எங்களுக்குக் கொடுப்பார். நான் தாலாட்டுப் படித்தது வீட்டில் இல்லை, அங்கேதான்.

காலனித்தெரு

நல்ல நினைவுகளாகவே எழுதுகிறீர்கள். என்னுடையதையும் எழுத வேண்டும்.

எங்கள் ஊரில் பால்வாடி காலனிப் பக்கம் வந்தது. ஏழைப்பட்ட தெருவில் மையம் வைக்க வேண்டும் என்பது விதி, சரியான விதி. ஊர்த்தெருப் பிள்ளைகளும் பெயர் கொடுத்தார்கள். சில பிள்ளைகள் காலையில் வந்து விளையாடும், பாடும். சமைப்பவர் எங்கள் தெருக்காரர் என்பதால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வீட்டிலிருந்து யாராவது வந்து கூட்டிப்போய்விடுவார்கள். எடை போட மட்டும் திரும்ப வரும். என்னோடு களிமண்ணில் வண்டி செய்தவன், சோற்று நேரத்தில் ஏன் எழுந்து போகிறான் என்று நான் ஆயாவிடம் கேட்டேன். அவர் தலையைத் தடவிவிட்டு "அவனுக்கு வீட்ல சோறு இருக்குடா" என்றார். அதற்குமேல் அவரால் என்ன சொல்ல முடியும்.

அதே இடத்தில் இன்னொன்றும் நடந்தது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது, இரண்டு வாரத்துக்கு ஒன்று. முட்டை நாளில் அந்தப் பையன் எழுந்து போகவில்லை. கூப்பிட வந்த பாட்டியின் கையை உதறிவிட்டு எங்கள் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அடுத்த முட்டைக்கும் உட்கார்ந்தான். கொஞ்ச நாளில் பாட்டி கூப்பிட வருவதை விட்டுவிட்டார். எல்லா வீடும் மாறியதா என்றால் இல்லை. அவன் வீடு மாறியது.

பால்வாடியில் என்ன படித்தோம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். எங்கள் ஊரில் எல்லாத் தெருப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட முயன்ற முதல் இடம் அது. அதைச் சொல்லிக்கொடுத்தது பாடமாக இல்லை, பந்தி வரிசையாக.

கரிசல்மண்

காலனித்தெரு எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. டீச்சர் சொன்ன விளக்கமும் நியாயம். எழுத்தைப் பற்றி நான் சொன்னதை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ஆறு வேலைக்கு ஒரு ஆள் என்று வைத்தது யார் தப்பு என்று கேட்க வேண்டும். ரிஜிஸ்டர் எழுதாவிட்டால் நோட்டீஸ் வரும், களிமண் உருட்டாவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றால், எந்த வேலை முதலில் நிற்கும்? எங்கள் ஊரில் நின்றது அப்படித்தான். டீச்சரைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இப்போது இல்லை. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாடத்துக்கென்று தனியாக ஒருவர் இருக்க வேண்டும்.

நொய்யல் அம்மா

நான் பழைய நினைவு சொல்ல வரவில்லை, ஒரு விஷயம் கேட்க வந்தேன். பையனுக்கு மூன்றரை வயசு. எங்கள் ஊர் அங்கன்வாடி, நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே இருக்கிறது. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்களே, அதில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் எல்லோரும் வேன் வருகிற நர்சரி பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே இந்த வயசுக்கே நான்கு கோடு நோட்டில் தினமும் வீட்டுப்பாடம். எனக்கு அங்கன்வாடியில்தான் மனசு. ஆனால் அந்த அறையில் பிள்ளைகள் தொட்டு விளையாட ஒன்றும் இல்லை. அம்மாக்கள் சிலர் சேர்ந்து ஏதாவது செய்து தரலாம் என்று பேசினோம். டீச்சர் அக்கா, குறைந்த செலவில் முதலில் எதைச் செய்யலாம்?

கொள்ளிடக்கரை

சேருங்கள் தங்கச்சி. நடந்து போகிற தூரத்தில், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆயா இருக்கிற இடம். வேனில் உட்கார்ந்து போகிற நேரத்தில் பையன் இன்னும் கொஞ்சம் தூங்கலாம்.

வைகைக்கரை

காலனித்தெரு தம்பி, நீங்கள் எழுதியதை நான் கேட்டிருக்கவே மாட்டேன், அவ்வளவு வசதியான கேள்வியாக இழையைத் தொடங்கியிருந்தேன். எங்கள் ஊர்ப் பால்வாடிக்குக் கீழத்தெருவிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நொய்யல் அம்மாவின் கேள்விக்கு டீச்சர் பதில் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்

நொய்யல் அம்மா, முதலில் சுவர். தரையிலிருந்து உங்கள் பையனின் தலை உயரம் வரை சுற்றிலும் கருப்புப் பெயிண்ட் அடித்துப் பிள்ளைக்கு ஒரு கட்டம் பிரித்துவிடுங்கள். 2007-ல் செயல்வழிக் கற்றல் எல்லாத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தபோது கீழே கரும்பலகை வைத்தார்களே, அதே மாதிரி. எங்கள் காலத்தில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசுவோம். ஊமத்தை விஷம், பிள்ளைகள் வாயில் வைப்பார்கள், அதனால் நீங்கள் கடையில் விற்கிற கரும்பலகைப் பெயிண்டே வாங்குங்கள். சாக்பீஸை நடுவில் உடைத்துக் குட்டையாகக் கொடுங்கள், விரல் நுனியால் பிடிக்கப் பழகும்.

அடுத்தது மணல் தொட்டி. ஆற்று மணலைச் சலித்து, கழுவிக் காயவைத்துப் போடுங்கள். இரவில் சாக்கு போட்டு மூட வேண்டும், இல்லையென்றால் பூனை அசிங்கம் செய்துவிடும். துணி பொம்மைக்குத் தையல்கடையில் வெட்டுத்துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள், உங்கள் பக்கம் பனியன் துணிக்குப் பஞ்சம் இல்லை. விதை, சோழி எல்லாம் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை கைக்குப் போகாமல் டப்பாவை உயரத்தில் வையுங்கள், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

எதையும் கொண்டுபோய் இறக்குவதற்கு முன்னால் அங்கே இருக்கிற டீச்சரிடமும் ஆயாவிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டிப் பெருக்குவது அவர்கள்தான். பெயிண்ட் வேலையைச் சனிக்கிழமை மதியம் பிள்ளைகள் போன பிறகு ஆரம்பித்தால் திங்கள்கிழமைக்குள் வாடை போய்விடும்.